கொழுக்கட்டைப் பெட்டிக்குக் காட்டிய கற்பூரம்

துபாய், ஞாயிறு

அன்புள்ள ஆர்த்திக்கு,

நீங்கள் அனுப்பிய நாற்பது பெட்டிக் கொழுக்கட்டையும் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் குளிர்கிடங்குப் பதிவேட்டில் இன்று காலை நானே பார்த்தேன். நீயும் அம்மாவும் நலம்தானே? எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் பதறுவாய் என்று எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

பெட்டிகளை இன்னும் வெளியே விடவில்லை. மைனஸ் பதினெட்டில் இருக்க வேண்டிய குளிர், வெள்ளிக்கிழமை காலை அரை மணி நேரம் மைனஸ் ஒன்பதுக்கு வந்ததாகப் பெட்டிக்குள் இருந்த கருவி காட்டுகிறது. அப்போது வண்டி வேங்கிக்காலில் நம் வாசலில்தான் நின்றது. முதல் பெட்டியில் குங்குமப் பொட்டைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்தது.

கூட வேலை செய்யும் நம்மூர் ரியாசுதீன் பாய் சிரித்தார். "வண்டிக்குப் பூஜ போடுவாங்க, தெரியும். கதவத் தொறந்து வெச்சு கொழுக்கட்டைக்கே கற்பூரம் காட்டினாங்களாப்பா?"

பூஜை போட்டதில் தப்பில்லை. அடுத்த முறை கதவைச் சாத்திவிட்டுக் காட்டுங்கள். உன்னோடு கொழுக்கட்டை செய்த நாலு பேரையும் திட்டாதே. கதவு எத்தனை மணிக்குத் திறந்தது, எப்போது சாத்தினீர்கள் என்று எழுதி அனுப்பு, இங்கே உணவைப் பரிசோதிக்கும் அதிகாரி கேட்கிறார். பூஜை போட்டோவும் அனுப்பு. வண்டி மட்டும் இருக்கிற போட்டோ வேண்டாம், நீ இருக்கிறதாகப் பார்த்து அனுப்பு.

ஷிப்டுக்குப் பஸ் வந்துவிட்டது. இரண்டு பெட்டிகளைப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார்கள். பாஸானால் இதை வரவழைத்த இங்குள்ள கடைக்காரர் மாதாமாதம் வாங்குவார். அந்த வருமானம் நிலைத்தால், நான் ஊர் திரும்புவதைப் பற்றி நாம் பேசலாம். பரிசோதனை முடிவு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வரும் என்றார் அதிகாரி.

வல்லரசு