புரோக்கர் படிப்பு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
பங்குனி மாதம், ஞாயிறு பிற்பகல்

என் அன்பான டொலறஸ் அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நல்ல சுகம். வூப்பெர்டாலில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று இன்றைக்குக் காலைப் பூசையில் இருவரும் கேட்டுக்கொண்டோம்.

முதலில் நல்ல செய்தியை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை பல்கலைக்கழகக் குழு என் ஆய்வுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு திருத்தமும் கேட்கவில்லை. இனி நான் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைத் தொடரலாம். அதுவும், மாற்று மாற்று என்று எனக்குச் சொல்லப்பட்ட அதே தலைப்பில்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன்; நீங்களும் பூங்கொத்துப் படம் போட்டீர்கள். ஆனால் இந்தத் தலைப்பைப் பற்றி போனில் நான் வாயெடுத்தால், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அங்குள்ள மழை என்று நீங்கள் கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவீர்கள். கடிதத்தை அப்படி மறிக்க முடியாது. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

அகதியாக வந்த குடும்பங்களில் பிள்ளைகள்தான் முதலில் மொழியைப் பிடித்துவிடுகிறார்கள். பிறகு டொக்டரிடமும் அலுவலகங்களிலும் பெற்றோருக்காக அவர்களே கதைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் என் ஆய்வு. ஏன் இதை எடுத்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஐப்பசி மாதம் என் மேற்பார்வையாளர் ஹெலன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசி, மனம் நோகப் பேசத் தெரியாதவர். முன்னர் வந்த நூல்கள், கட்டுரைகள் என்று நான் கொடுத்த உசாத்துணைப் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதில் பாதி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றியது, மீதி உன் விடயத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை, முன்னர் யாரும் செய்த வேலை இல்லாமல் வெறும் தரையில் வீடு கட்ட முடியாது என்றார். அகதிகளும் மருத்துவமும் என்று பொதுவான ஒரு தலைப்பை எடுக்கலாமே, அதற்கு நூல்கள் நிறைய இருக்கின்றன என்றும் சொன்னார். அன்று ரெயினில் ஈஸ்ட் ஹாமில் இறங்க மறந்து அடுத்த ஸ்டேசனான பார்க்கிங் வரை போய்விட்டேன்.

தலைப்பை மாற்றச் சம்மதம் என்று ஈமெயில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன். அடுத்த நாள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனபோது, அங்கே வேலை செய்கிற சுவர்ணா, இவ்வளவையும் ஒரேயடியாகத் திருப்புகிறாயே, முடித்துவிட்டாயா என்று கேட்டார். குரோய்டனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் ‘அக்கா, அண்ணா’வோடு நின்றுவிடும். நான் கதையைச் சொன்னேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, நீ என்ன சொல் போட்டுத் தேடினாய், காட்டு என்றார். ‘குழந்தை மொழிபெயர்ப்பாளர்’ என்பதைத்தான் ஆங்கிலத்தில் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருந்தேன். சுவர்ணா கேட்ட கேள்வி இதுதான்: அது நீ வைத்த பெயர், இதைப் பற்றி எழுதியவர்கள் என்ன பெயர் வைத்தார்கள்?

என் பட்டியலில் ஓரளவாவது உருப்படியான ஒரே ஒரு கட்டுரையைத் திறந்து, அதன் கடைசிப் பக்கங்களுக்குப் போகச் சொன்னார். அந்தக் கட்டுரையாளர் யார் யாரை வாசித்திருக்கிறார் என்று முதலில் பார்த்தோம். பிறகு, அந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தோம். அங்கே இருந்தது அந்தச் சொல். லாங்குவேஜ் புரோக்கரிங், அதாவது மொழித் தரகு. அதைப் போட்டுத் தேடியதும் திரை நிறைந்து வழிந்தது, அக்கா. பூட்டியிருக்கிறது என்று நினைத்த கதவை நான் இத்தனை நாளும் தவறான பக்கம் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சந்தோசமாகச் சொன்னேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, இவ்வளவு படிச்சுப்போட்டு நீ கலியாணப் புரோக்கர் வேலைக்கோ போகப்போறாய் என்று கேட்டார். சொந்தக் கலியாணத்தையே தள்ளிப் போட்டுக்கொண்டு இருக்கிறவள் புரோக்கராம் என்று மாமாவுக்குப் போன் எடுத்தும் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் புரோக்கர் படிப்பு.

ஆனால் கிடைத்தவற்றில் அதிகமும் அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளைப் பற்றியவை. ஐரோப்பாவுக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகளைக் காணவில்லை. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நீங்களும் நானும் வளர்ந்த ஜேர்மனியில் நடந்ததை அந்த நாட்டுக்காரர் ஆங்கிலத்திலா எழுதியிருப்பார்கள்? ஜேர்மன் மொழியில் தேடினேன். அகதி விடுதி நடைபாதையில் நீங்கள் எனக்குச் சொல்லித்தந்த மொழி. ‘டொல்மெட்ஷன்’ என்று மொழிபெயர்ப்புக்கான சொல்லைப் போட்டபோது, உங்கள் வாயால் அதை முதல்முதலில் கேட்டது நினைவு வந்தது. கட்டுரைகள் வந்தன. உங்கள் ஊருக்குப் பக்கத்து ரூர் பகுதியில் தமிழ், குர்திஷ் குடும்பங்களைப் பற்றி எழுதி, அச்சில் வராமல் கிடந்த ஒரு ஆய்வேடும் தென்பட்டது. அது ஒரேயொரு நூலகத்தில்தான் இருந்தது. வெளியே கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. சுவர்ணா விடவில்லை. நூலகத்துக்கு நூலகம் எழுதிக் கேட்டு, எனக்கு வேண்டிய அத்தியாயங்களின் பிரதியை எடுத்தே விட்டார்.

பிறகு வேறு தலையிடி. இல்லை இல்லை என்று அழுதவளுக்கு இப்போது வைக்க இடமில்லை. லப்டொப்பில் எல்லாம் ‘டவுன்லோட்’ என்ற பெயரிலேயே கிடந்தன. வாசித்த கட்டுரையையே மறந்துபோய்த் திரும்பவும் வாசித்தேன். கொப்பியில் அருமையான ஒரு வரியை எழுதி வைத்திருந்தேன். எதிலிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. ஒரு கிழமை தேடியும் கிடைக்காமல், அந்த வரியை வெட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சுவர்ணா சொன்னபடி, எதைக் குறித்தாலும் அந்தக் கணமே ஆள் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் பக்கத்தில் எழுதப் பழகினேன். நூல் விபரங்களைச் சேர்த்து வைக்கும் மென்பொருளிலும் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

எப்படிப் பிரிப்பது என்பதில்தான் நாள் போனது. ஆண்டு வாரியாக அடுக்கினேன், நாடு வாரியாக அடுக்கினேன், ஒன்றும் பேசவில்லை. கடைசியில், பிள்ளை மொழிபெயர்க்கும் அந்த அறையில் இருந்தவர்களில் யாரிடம் கேட்டு எழுதியது என்று பிரித்துப் பார்த்தேன். டொக்டரிடம் கேட்டவை ஒரு பெரிய குவியல். ஆசிரியர்கள், சமூக சேவையாளர்களிடம் கேட்டவை இன்னொன்று. தாய் தகப்பனிடம் கேட்டவை கொஞ்சம். பிள்ளையிடம், பிள்ளையாக இருக்கும்போதே கேட்டவையும் இருந்தன. அந்தப் பிள்ளை வளர்ந்து, தானும் தாயாகி, திரும்பிப் பார்த்து என்ன சொல்கிறது என்று கேட்டவை அருந்தலாக ஒன்றிரண்டு. அதிலும் தமிழ்ப் பிள்ளை ஒன்றுமே இல்லை. ஹெலன் இல்லை என்று சொன்னது சரிதான். ஆனால் எது இல்லை என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் ஆய்வின் கேள்வி அங்கேதான் இருந்தது.

இனி எழுதப்போவதை அம்மா கேட்டுத்தான் எழுதுகிறேன். போனில சொல்லுற விசயம் இல்லை, நீ வடிவா எழுது, அவள் தனிய இருந்து வாசிக்கட்டும் என்று சொன்னார்.

தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அந்த ஜேர்மன் ஆய்வேட்டில் ஒரு பகுதியை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன். டொக்டர் கெட்ட செய்தி சொல்லும்போது பிள்ளைகள் அதை அப்படியே சொல்லுவதில்லை, தாய் தாங்கமாட்டாள் என்று நினைத்து மெதுவாக்கிச் சொல்லுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள் என்று இருந்தது. அம்மா மீன் கழுவிய கையோடு கதிரையில் இருந்தார். பிறகு சொன்னார்:

“டொலறஸும் அண்டைக்கு எனக்கு எல்லாத்தையும் சொல்லேல்லை. அது எனக்கு அண்டைக்கே தெரியும்.”

எனக்கு அப்போது ஆறு வயது. அப்பாவின் ஆஸ்பத்திரி என்றால், காசு போட்டால் சொக்லேட் விழும் பெட்டி மட்டும்தான் நினைவில் இருக்கிறது. உள்ளே அறையில் பன்னிரண்டு வயதில் நீங்கள் அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் இருந்தீர்கள் என்பதே எனக்குப் பிறகு தெரிந்ததுதான். அம்மா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

“அப்பாவுக்கு நல்ல மருந்து குடுக்கினமாம், கொஞ்ச நாள் எடுக்குமாம் எண்டு சொன்னவள். டொக்டர் கதைக்க முதல் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சவர். நல்ல செய்தி சொல்லுற ஆள் அப்பிடிச் செய்யாது. பிள்ளையும் என்ர முகத்தைப் பாக்காமல் என்ர கைப்பையைப் பாத்துத்தான் சொன்னவள். நான் திருப்பிக் கேட்டா அவள் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டி வந்திருக்கும். அதாலதான் ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பினனான்.”

அன்றைக்குப் பின்னேரமே, இது சுகமாகிற வருத்தம் இல்லை என்று அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாராம். அப்பாவும் ஏற்கனவே ஊகித்திருந்தாராம். இரண்டு பேரும் அழுது முடித்து, பிள்ளைகளுக்கு முன்னால் சாதாரணமாக இருப்போம் என்று முடிவெடுத்தார்களாம். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு காலையில் கோயில் தமிழ்ச் சுவாமியாரைக் கூப்பிட்டு, அப்பா பாவசங்கீர்த்தனம் செய்து, கடைசி ஆயத்தமாக நோயில் பூசுதலும் பெற்றுக்கொண்டாராம். ஊரில் இருந்த பெரியப்பாவோடும் போனில் கதைத்தாராம். என் பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் பாத்தவள் என்று அப்பா சொன்னாராம். அக்கா, அப்பா தெரிந்துதான் போனார். ஆயத்தமாகத்தான் போனார். நீங்கள் சொல்லாமல் விட்டதால் யாருக்கும் எதுவும் தவறிப்போகவில்லை.

இந்த வருடங்களில் நீங்கள் இதை நினைத்தீர்களா, எப்படி நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் மாட்டேன். தெரிந்ததைத் தெரியப்படுத்தினேன்.

அம்மா சொன்ன எதையும் நான் ஆய்வில் சேர்க்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை அந்த அறைக்குள் நான் துணிவோடு நுழைந்ததற்கு அதுதான் காரணம். குழுவில் மூன்று பேர். வெளியிலிருந்து வந்த பேராசிரியர் கண்டிப்பானவர் என்று எல்லாரும் பயமுறுத்தியிருந்தார்கள். இது சின்ன விடயம் இல்லையா, பிள்ளைகள் சில வருடங்கள் செய்துவிட்டு மறந்துபோவார்கள்தானே என்று அவர் கேட்டார். மறந்துபோவார்கள் என்று இதுவரை எழுதியவர்கள் யாரும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்றார். குவியல் குவியலாகச் சொன்னேன், அக்கா. எந்த மொழியில், யாரிடம், எப்போது கேட்டார்கள், எந்தப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஜேர்மன் ஆய்வேட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் பேனாவை எடுத்து அதன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், உசாத்துணையைத் தொகுத்த இந்த அத்தியாயத்தைத் தனிக் கட்டுரையாகவே வெளியிடு, ஆங்கிலம் மட்டும் வாசிக்கிற எங்களுக்கு இது தேவை என்றார்.

வெளியே வந்ததும் ஹெலன் என் கையைப் பிடித்து, என் பேச்சைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி என்றார். நான் நேரே நூலகத்துக்கு ஓடினேன். சுவர்ணா கவுன்டரை விட்டு வெளியே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். வரிசையில் நின்ற மாணவர்கள் என்னவென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

இன்று பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் அம்மா ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் வைத்துக்கொண்டு நின்றார். என்ன விசேசம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், மகள் புரோக்கர் படிப்பில முதல் கண்டம் தாண்டிவிட்டாள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். பிறேமினி அன்ரி அதை நம்பி, தன் மகனுக்கு ஏதும் நல்ல இடம் இருந்தால் சொல்லச் சொல்லி என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை. படி ஏற ஏலாது என்கிறார், ஆனால் கிறீன் ஸ்ட்ரீட்டுக்கு மீன் வாங்கப் போக மட்டும் ஏலும். உங்கள் சின்னவன் கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு உடுப்பு அளவு அனுப்பச் சொன்னார்.

அக்கா, பல்கலைக்கழக விதிப்படி என் சொந்தக் குடும்பத்தில் யாரையும் நான் ஆய்வுக்காகப் பேட்டி எடுக்கக்கூடாது. அது எனக்கு நல்லதாகப் போயிற்று. ஈஸ்டர் விடுமுறைக்கு வாருங்கள். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக, பிள்ளைகளை அத்தானோடு விட்டுவிட்டுத் தனியே வாருங்கள். அம்மா உங்களோடு கதைக்க ஆவலாக இருக்கிறார். அவரும் நீங்களும் கதைக்கும்போது நடுவில் யாரும் தேவையில்லை. நான் தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு, கூப்பிட்டால் மட்டும் வருவேன்.

மடு மாதா உங்களைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வருவேன் என்று ஒரு சொல் மட்டும் அனுப்புங்கள்.

உங்கள் செல்லத் தங்கை,
றொசானா