கிளியனூர் மனை

திண்டிவனம்,
9.6.2025

பிரின்சி அப்பாவுக்கு,

அருள்ராணி எழுதுவது. பிள்ளை காதில் நம் சண்டை விழக்கூடாதென்று, ஒரே வீட்டுக்குள் அரிசி டப்பாவுக்கு அடியில் கடிதம் வைத்துக்கொள்கிறோம். கேட்டால் ஊரே சிரிக்கும்.

நேற்றும் வாடகைக்கு இரண்டு வீடு பார்த்தேன். ஒரு வீட்டுக்காரம்மா, "வூட்டுக்காரரு இல்லாம தனியா வர்ற பொம்பளைக்கு வுடறதில்லம்மா" என்றார். இன்னொன்று, நான் படியேறுவதற்குள் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

என்னைக் கேட்காமல் என் ஆஸ்பத்திரிக்குப் போய், இனி வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தீர்களே, அன்றே முடிவு செய்துவிட்டேன். சர்ச்சில் பங்குச் சாமியார் முன்னால் இருவரும் பிரிந்திருக்கச் சம்மதித்தும் ஆயிற்று. ஆனாலும் இந்த ஒற்றை அறையில் குறுக்கே சேலையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறோம். அப்பா கொடுத்த கிளியனூர் மனையில் ஓர் அறை எழும்பினால்தான் எனக்கு மூச்சு வரும். பிளான் அப்ரூவல் என்ன ஆயிற்று?

அருள்ராணி

11.6.2025

அன்புள்ள ராணிக்கு,

மனைக்கு முன்னால் பாதை அகலம் போதாதாம். பக்கத்து மனை அம்மணியக்கா நாலடி எழுதிக் கொடுத்தால்தான் அனுமதி என்கிறார் இன்ஜினியர் பூவரசன். அக்காவோ, "ஆடி போவட்டும், பார்க்கலாம்" என்கிறது. நான் என்ன செய்ய?

அனுமதி வரட்டும், என் தொழில்தானே, தளத்துக்குப் பலகை கட்டும் சென்ட்ரிங் நானே அடித்துத் தருகிறேன். நீ இருமுவது கேட்டது. ஜன்னலில் மாத்திரை வைத்திருக்கிறேன்.

பாக்கியராஜ்

28.9.2025

பிரின்சி அப்பாவுக்கு,

இரண்டு படி மல்லாட்டைக் கடலையோடு நாலு முறை நடந்து, அம்மணியக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். ஒன்றரை மாதமாகிறது. அனுமதி இன்னுமா வரவில்லை?

அருள்ராணி

2.10.2025

அன்புள்ள ராணிக்கு,

ஆபீசில் ஆள் மாறிவிட்டார்களாம். கொஞ்சம் பொறு.

பாக்கியராஜ்

14.11.2025

பிரின்சி அப்பாவுக்கு,

பஸ் ஸ்டாண்டில் பூவரசனைப் பார்த்தேன். "அப்ரூவல் வந்து ரெண்டு மாசம் ஆவுதுக்கா. அண்ணன் போனுக்குத்தான் மெசேஜ் வந்துது. இன்னும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டாம என்னா பண்ணிக்கினு இருக்கீங்க?" என்றார். பஸ் போனதுகூடத் தெரியாமல் நின்றேன்.

பதில் எழுதுங்கள்.

அருள்ராணி

15.11.2025

ராணி,

உண்மைதான். மெசேஜ் வந்தபோது சாரத்தின் மேல் நின்றிருந்தேன். படித்ததும் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஊரில் எத்தனையோ வீட்டுக்குத் தளம் போட உதவியவன். இந்த ஒரு தளத்தைப் போட்டுவிட்டால் நீ போய்விடுவாய். பயமாக இருந்தது. தப்புதான். மன்னித்துவிடு.

பாக்கியராஜ்

16.11.2025

பிரின்சி அப்பாவுக்கு,

திங்கட்கிழமை வானம் தோண்டுகிறார்கள். வேறு மேஸ்திரியிடம் பேசிவிட்டேன். நீங்கள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. மெசேஜ் வந்த அன்றே கொண்டுவந்து காட்டியிருந்தால், என் மனசு மாறியிருக்குமோ என்னவோ. அதை நினைத்துத்தான் அழுதேன்.

காசு சேரச் சேரக் கட்டி வீடு முடிய எட்டு மாதமாகுமாம். அதுவரை எனக்குப் போக்கிடம் கிடையாது, இங்கேதான் படுக்க வேண்டும். சோறு பொங்கி வைப்பேன். பிரின்சி முன்னால் சிரித்துப் பேசுவேன். நீங்கள் அதை நம்பிவிடாதீர்கள்.

அருள்ராணி