உங்கள் நண்பரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஹாஸ்டலுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் "சாப்டியா?" என்பதற்கு அடுத்த வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் இந்த மூன்று மாதமும் கடிதம்தான்.

"இந்த வயசுல உனக்கு எதுக்கு கம்ப்யூட்டர்? நான் சம்பாதிக்கிறது பத்தலையா?" என்று கேட்டுவிட்டு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பத்துகிறதுதான். ஆனால் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள், மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் சும்மா இருந்தால் நான் நாளெல்லாம் உங்கள் வாயைத்தான் பிடுங்கிக்கொண்டிருப்பேன். யோசித்துப் பார்த்தால் நான் இங்கே வந்தது உங்களுக்குத்தான் லாபம்.

வகுப்பில் எல்லோரும் என்னைப் போல வேலை போனவர்கள். ஒருத்தி ஓட்டலில் பாத்திரம் கழுவியவள், ஒருத்தி செங்கல் சுமந்தவள், ஒருத்தி தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டியவள். மௌஸைப் பார்த்ததும் பயந்து கையை இழுத்துக்கொண்டதில் எல்லோரும் ஒரே ஜாதி. சொல்லித் தருவது நம் மகளைவிடச் சின்னப் பெண். நாங்கள் எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்று பதறுவதால் அவளுக்கு மெதுவா மேடம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

முதல் நாளே என் மானம் கப்பலேறிவிட்டது. காலையில் எல்லோருக்கும் முன்பே போய்விட்டேன். கீபோர்டுகள் இருந்த அழுக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குத்தான் அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காதே. எல்லாவற்றையும் கழற்றி, சோப்புப் போட்டு, நன்றாக அலசி, மொட்டைமாடிக் கொடியில் ஒயரால் முடிந்து காயப்போட்டுவிட்டேன். மெதுவா மேடம் வந்து கொடியைப் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். காய்ந்ததும் பாதி உயிர் பிழைத்தன. பாவம், மீதிக்கு அவளே எங்கெங்கோ கேட்டு வாங்கி வந்தாள். இங்கே இப்போது என் பெயர் சோப்பு அக்கா.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

ஜூன் 17

வீட்டுக்காரிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். உப்பு டப்பா எங்கே இருக்கிறது?

கீபோர்டை யாராவது துவைப்பார்களா? பஸ்ஸில் படித்தேன். நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இன்னொரு விஷயம். எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவரும் என்னைப் போல ஒரு குடோனில் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. அங்கே இனிமேல் சாக்பீஸும் வேண்டாம், சத்தம் போட்டு எண்ணவும் வேண்டாம் என்று சொல்லி அவர் கையில் டேப் என்று பெரிய போன் மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டார்களாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் கோடுபோட்ட ஸ்டிக்கரை அதில் காட்ட வேண்டுமாம். ஆகஸ்ட் நடுவில் டெஸ்ட். தேறாதவர்களுக்கு மேஸ்திரி வேலை கிடையாது, மறுபடி மூட்டைதான் தூக்க வேண்டும். இந்த முதுகை வைத்துக்கொண்டு அவர் மூட்டை தூக்க முடியுமா?

அவருக்கு என்ன பிரச்சினை என்றால், விரலை வைத்தாலே திரையில் இருப்பதெல்லாம் எங்கேயோ ஓடிவிடுகிறது. அங்கே சொல்லிக்கொடுத்திருந்தால் எழுது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை, அவருக்குத்தான் அவசரம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்

*

ஜூன் 25

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

"அன்புள்ள" என்று எழுதினால் பேனாவில் மை தீர்ந்துவிடாது. உப்பு டப்பா அடுப்புக்கு மேலே, உங்கள் மூக்குக்கு நேர் எதிரே இருக்கிறது.

உங்களுக்கு நண்பரா! கல்யாணமான நாளிலிருந்து உங்கள் நண்பர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர்கூட நம் வீட்டில் ஒரு வாய் டீ குடித்ததில்லை. போகட்டும், நான் ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒருவர் கிடைத்தாரே, அதுவரை சந்தோஷம்.

அவர் மூட்டையைத் தள்ளிப் பழகிய கையால் கண்ணாடியைத் தள்ளுகிறார் என்று நினைக்கிறேன். நம் மகள் தொட்டிலில் தூங்கும்போது, எழுந்துவிடுவாளோ என்று பயந்து பயந்து அவள் கன்னத்தைத் தொடுவீர்களே, அப்படித் தொட வேண்டும். எப்படி என்று நண்பருக்கு நீங்களே செய்து காட்டுங்கள். தொட்டால் கையை உடனே எடுத்துவிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் அது வேறு ஏதோ கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். வேர்வைக் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மெதுவா மேடத்திடம் கேட்டு, அந்தத் திரை எப்படி இருக்கும் என்று இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். எந்தக் கட்டத்துக்குப் பிறகு எந்தக் கட்டம் என்று அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். அவர் இதில் விரல் வைத்துப் பழகட்டும். காகிதம் உடையாது, யாரிடமும் போய்ப் புகாரும் சொல்லாது.

இங்கேயும் உங்கள் கம்பெனி லாரி போகிறது. ஊருக்கு வெளியே அவர்களுக்குப் பெரிய குடோன் இருக்கிறதாம். லாரியைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே நீங்கள் இருக்கிறீர்களா என்று எட்டிப் பார்க்கிறேன். இருக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் பார்க்கிறேன்.

உங்கள் நண்பரைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

ஜூலை 20

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

எழுதிவிட்டேன், போதுமா?

நீ வரைந்து அனுப்பிய தாளை நண்பர் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். டீ குடிக்கும் நேரத்தில் எடுத்து விரலால் தட்டித் தட்டி நடுவில் ஓட்டையே விழுந்துவிட்டது. இப்போது திரை ஓடுவதில்லை. சொன்ன இடத்தில் நிற்கிறது.

ஆனால் போன வாரம் பெரிய கூத்தாகிவிட்டது. ஒரு லாரி நிறையப் பெட்டி வந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க் குனிந்து, நிமிர்ந்து, ஏணியில் ஏறி டேப்பைக் காட்ட வேண்டும். மேஸ்திரி அல்லவா, மூளையைக் கசக்கினார். டேப் எதற்குப் பெட்டியிடம் போக வேண்டும், ஸ்டிக்கர் இங்கே வரட்டுமே என்று ஆட்களை விட்டு எல்லாப் பெட்டியிலிருந்தும் ஸ்டிக்கரைப் பதமாக உரித்து ஒரு பலகையில் வரிசையாக ஒட்டச் சொன்னார். நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். நாள் முழுக்க இழுக்கும் வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. திரையெல்லாம் பச்சை. உச்சி குளிர்ந்துபோய், ஆட்களுக்கெல்லாம் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகுதான் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. எது சோப்பு, எது பிஸ்கட் என்று அந்தப் பெட்டிகளுக்கே தெரியாது. மேனேஜர் வந்து என்னைப் பார்த்து, அதாவது அவரைப் பார்த்து, "யோவ் மேஸ்திரி, மொத்தப் பேருக்கும் மொட்டையடிச்சு விட்டுட்டியே! எது யாருன்னு இப்ப நான் யாரைக் கேப்பேன்?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்து, மறுபடி ஒட்டி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஆட்கள் சிரித்துக்கொண்டேதான் செய்தார்கள். ஆனால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டெஸ்டில் தேறாவிட்டால் வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது என்று கேட்கிறார். அவருடைய வீட்டுக்காரியும் வெளியூரில்தான் இருக்கிறாளாம்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன்

*

ஜூலை 30

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் நண்பர் கதையை வகுப்பில் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், யார் என்று சொல்லவில்லை. செங்கல் சுமந்தவள் சிரித்துச் சிரித்து விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டாள். மெதுவா மேடம் மட்டும், "அவர் யோசிச்சது தப்பில்லக்கா. அப்படி யோசிக்கிறவருக்குத்தான் இதெல்லாம் சீக்கிரம் வரும்" என்றாள். இதை அவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டாரே, உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். அவருடைய வீட்டுக்காரி நல்லவள் என்றுதான் எனக்குப் படுகிறது. கீபோர்டைத் துவைத்துக் காயப்போட்டவள் யாரைப் பார்த்தும் கேலி செய்ய மாட்டாள்.

இப்போது என் சேதி. நான் நன்றாகத் தட்டச்சு செய்கிறேன். வரவு, இருப்பு எல்லாம் கட்டம் போட்டு வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை கூட்டல் தானாக வந்து விழுந்தபோது "ஐயோ!" என்று கத்திவிட்டேன், பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். செப்டம்பரில் அடுத்த வகுப்பு தொடங்குகிறது. "புதுசா வர்றவங்க என்னைப் பார்த்தா பயப்படுறாங்கக்கா, உங்களைப் பார்த்தா பயப்பட மாட்டாங்க" என்று சொல்லி, கூட இருந்து சொல்லித்தர மெதுவா மேடம் என்னைக் கூப்பிடுகிறாள். சம்பளம் உண்டு, நிரந்தர வேலை. ஆகஸ்ட் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து உங்கள் குறட்டையைக் கேட்கவும் ஆசையாக இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்களைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்பீர்கள். அந்த "உன் இஷ்டம்" என்றால் என்ன என்று இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை. அதனால் உங்களைக் கேட்கப் போவதில்லை. உங்கள் நண்பரைக் கேட்கிறேன். அவர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்கிறார், பயம் என்றால் பயம் என்கிறார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போய்விட்டது. என் வீட்டுக்காரர் மனதில் என்னதான் இருக்கிறது என்று விசாரித்து அவரையே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பதிலே இல்லை. டெஸ்ட் முடிந்திருக்கும். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரிக்கிறார். போனை எடுத்து எடுத்து வைக்கிறேன். கடிதம்தான் என்று நானே சொல்லிவிட்டு நானே போன் பண்ணினால் தோற்றதுபோல் ஆகிவிடும் என்று வீம்பு.

தேறினாலும் தேறாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். எழுதுங்கள்.

வீட்டுக்காரி

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள,

அதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தாமதம். நண்பன் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். அது எனக்கு ஒத்துவராது. அதனால் வெறும் அன்புள்ள.

நான்தான் உன் வீட்டுக்காரரின் நண்பன். நீ கேட்டதாக அவர் சொன்னார், அதனால் எழுதுகிறேன்.

முதலில் டெஸ்ட். கையில் டேப்பைக் கொடுத்தார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். தொட்டிலை நினைத்துக்கொண்டேன். மேனேஜர் பக்கத்தில் நின்று, "என்ன மேஸ்திரி, வேலை பாக்குறீங்களா, அதைக் கொஞ்சுறீங்களா?" என்றார். பெட்டி பெட்டியாக நானேதான் போனேன், ஒரு ஸ்டிக்கரையும் உரிக்கவில்லை. பாஸ். இப்போது மற்ற ஆட்களுக்கு டீ நேரத்தில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஓட்டை விழுந்த உன் தாளைப் பார்த்து ஆளுக்கொன்று வரைந்து கையில் கொடுத்திருக்கிறேன். குடோன் முழுக்க ஆட்கள் காகிதத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்தது, நீ விசாரிக்கச் சொன்னது. உன் வீட்டுக்காரரை உட்காரவைத்து, "உன் இஷ்டம்னா என்னய்யா அர்த்தம்?" என்று நேராகவே கேட்டேன். "போகாதேன்னு சொல்ல வாய் வரல. போன்னு சொல்ல மனசு வரல. அதான்" என்றார். நீ இல்லாத வீட்டில் அவருக்கு உப்பு டப்பா மட்டுமல்ல, எதுவுமே கண்ணில் படுவதில்லையாம். அவருக்கு உப்புக் கடன் கொடுத்த எதிர்வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார்.

உன்னை வா என்று அவர் கூப்பிட மாட்டாராம். நீ அந்த வேலையை விடக் கூடாதாம், அதில் பிடிவாதமாக இருக்கிறார். அதனால் அவரே வருகிறாராம். அங்கே இருக்கும் குடோனுக்கு டேப் தெரிந்த மேஸ்திரி வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் மேனேஜர் பின்னாலேயே இத்தனை நாள் அலைந்தேன். நேற்றுத்தான் கையெழுத்துப் போட்டார். ஹாஸ்டலில் ஆம்பளையைச் சேர்க்க மாட்டார்கள், ஒரு வீடு பார்த்து வை. சின்னதாக இருந்தாலும் போதும்.

ரயில் டிக்கெட்டை யாருடைய தயவும் இல்லாமல் நானே போனில் எடுத்தேன். ஒரு தடவை தொட்டேன், சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமையாக இருந்திருக்கலாம். பழைய கை, கேட்கவில்லை, இன்னொரு அழுத்து அழுத்திவிட்டது. இரண்டு சீட்டு விழுந்துவிட்டது. ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாமாம். அதை நீ இன்னும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அதனால் ஒரு சீட்டில் உன் வீட்டுக்காரர், பக்கத்து சீட்டில் நான். செப்டம்பர் முதல் ஞாயிறு காலை வண்டி. ஸ்டேஷனுக்கு வா. இறங்கும்போது ஒரே ஆளாகத்தான் இறங்குவோம்.

இப்படிக்கு,
நண்பன்