ஒழுகாத மாடி

மார்ச் 3

அன்புள்ள உங்களுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் "சரி, வேற?" என்று கேட்டு வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

விமானப் படியில் கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. அங்கே பனியில் வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தால் ஆகுமே, அது இங்கே வெளியே வந்ததும் ஆகிறது. ஒன்றும் தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்தவர் அவசரப்படுத்தினார். எனக்கானால் துடைக்கவே மனசில்லை.

வாடகைக்குக் குடியிருந்தவர்கள் நம் வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தேன். வெயில் உள்ளே வந்து தரையில் நீட்டிப் படுத்துக்கொண்டது. நானும் அதன் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

ஒரு அசட்டுத்தனம் செய்துவிட்டேன், சிரிக்கக் கூடாது. படுக்கும்முன் சமையலறைக் குழாயைச் சன்னமாகத் திறந்து விட்டுவிட்டேன். குழாய் உறையாமல் இருக்க அங்கே பதினோரு பனிக்காலமாகச் செய்த வேலை, கை தானாகப் போய்விட்டது. நண்பகலில் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தேன். மாடித் தொட்டி காலி. கீழ் வீட்டு நர்ஸ் ஏறி வந்து, "ஏங்க, தொட்டித் தண்ணி மொத்தத்தையும் உங்க பேருக்கே எழுதி வச்சிருக்கா?" என்று கேட்டாள். குழாய் உறைந்துவிடும் என்று பயந்தேன் என்றேன். அவள் சண்டையை நிறுத்திவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டை விற்க நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரம் பெட்டியில் இருக்கிறது. நான் திரும்பி வர வேண்டிய இருபத்தெட்டாம் தேதி டிக்கெட்டும் அதோடுதான்.

அன்புடன்,
நான்

மார்ச் 11

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

சிரிக்காதே என்றால் எப்படி? வண்டிக் கொட்டகையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தன் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிக்கொண்டான்.

இங்கே ஒரு குறையும் இல்லை, என் சமையலை நானே சாப்பிட வேண்டியிருப்பதைத் தவிர. போன வாரம் நல்ல பனி. விடியற்காலையில், ஒரு காலடி கூடப் படாத தெருவில் பனி தள்ளும் வண்டியை இறக்கினேன். சத்தமே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வயசே தெரியாது, பசியே தெரியாது. இதை உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீ போர்வைக்குள்ளிருந்து "ம்" கொட்டுவாய்.

வீடு பார்க்க ஒரு ஆசிரியை வருவார் என்று தரகர் சொன்னார். நல்லபடியாகப் பேசி முடி. அது கைமாறினால்தான் நாம் இங்கே சொந்தமாக ஒன்று பார்க்க முடியும். உன் கம்பளிக் கோட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். விமான நிலையத்துக்கு எடுத்து வருகிறேன்.

உன்
வண்டிக்காரன்

மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

ஆசிரியை வந்தார். நல்ல மனுஷி. அறை அறையாகப் பார்த்தார், சுவரைத் தட்டினார், இங்கே அலமாரி வைக்கலாம் என்றார். நானும் பின்னாலேயே போனேன். பிறகு மாடி ஒழுகுமா என்று கேட்டார். "நல்லாவே ஒழுகும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இந்த மாடி ஒரு நாளும் ஒழுகியதில்லை, உங்களுக்கே தெரியும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என் கையைப் பிடித்து, உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நான் முன்பு வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். முதலாளிக்குத் தலை முழுக்க நரை. ஒரு லென்ஸைக் கையில் கொடுத்து, ஓரம் தேய்க்க மறந்துட்டியா என்றார். உட்கார்ந்தேன். சக்கரம் சுற்றுகிறது, தண்ணீர் சொட்டுகிறது, வாசல் வெயில் கொஞ்சம் கொஞ்சமாக என் மேஜை வரை நகர்ந்து வருகிறது. தலை நிமிர்ந்தால் சாயங்காலம். பசித்ததே தெரியவில்லை. அங்கே சலவைக்கூடத்து வேலையில் விரிப்பு மடிக்கும்போது கடிகாரத்தை எத்தனை தடவை பார்ப்பேன் தெரியுமா?

இங்கே எனக்கு விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு நாளாவது நீங்கள் இதைப் பார்க்க வேண்டும். வாருங்களேன். பனி எங்கேயும் ஓடிப் போய்விடாது.

அன்புடன்,
நான்

மார்ச் 27

அன்புள்ள உனக்கு,

இது வந்து சேரும்போது இருபத்தெட்டு தாண்டியிருக்கும். விமானம் ஏறியிருந்தால் நீ இதைப் படிக்கப் போவதில்லை. படிக்கிறாய் என்றால் ஏறவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். அந்தக் கடை, அந்த வெயில், பசி தெரியாமல் போனது. அது நான் பனியைப் பற்றி உன்னிடம் சொல்கிற பேச்சு. வரிக்கு வரி அதேதான். எனக்கு இங்கே கிடைத்தது உனக்கு அங்கே கிடைத்திருக்கிறது. பதினோரு வருஷம் நீ இங்கே தூங்கித் தூங்கி விழுந்தாய், நான் பட்டப்பேர் வைத்துச் சிரித்தேன். அங்கே விடியுமுன் எழுகிறாயாம்.

நான் வர மாட்டேன். வந்தால் ஒரு மாசம் நல்ல புருஷனாக இருப்பேன், அப்புறம் உன் உயிரை வாங்குவேன். என்னை எனக்குத் தெரியும். உன்னை வரச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

இத்துடன் வேறொரு பத்திரம் வைத்திருக்கிறேன். வீட்டில் என் பாதியையும் உன் பேருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாருக்கும் விற்காதே.

இத்தனை வருஷத்தில் உன்னை ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? எனக்காகப் பொய் சொல்லாமல் எழுது.

அன்புடன்,
உன்னவன்

ஏப்ரல் 6

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத மூன்று நாள் ஆகிவிட்டது. நான்கு தாள் கிழித்துப் போட்டேன்.

நன்றாக இருக்கிறேன். நீங்கள் இல்லாமலே நன்றாக இருக்கிறேன். இதை எழுதும்போது அழுகிறேன், ஆனாலும் அது பொய்யில்லை.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நானும் கேட்டதில்லை.

அன்புடன்,
நான்