யாருடைய மூச்சு

பிப்ரவரி 6, செவ்வாய்

நர்ஸ் வந்துபோனாள். என் மகன் பெர்த்திலை எடை போட்டாள், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டாள். "ஏழு மாசத்துக்கு ஜம்முனு இருக்கான். நவம்பர்ல ஆஸ்பத்திரியில கிடந்த பிள்ளைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். நான் நம்புவேன். சளி நெஞ்சில் இறங்கி, மூக்கில் குழாயோடு, ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்ததைப் பார்த்தவள் நான்தானே.

பிறகு அந்தக் கேள்வி. "பகல்ல வெளியிலதானே தூங்க வைக்கிறீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பச்சைப் பொய். குளிர்காற்று பிள்ளைக்கு நல்லது என்று இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு குழந்தைத் தள்ளுவண்டி நிற்கிறது. உள்ளே ஒரு பிள்ளை குளிரில் மூக்கு சிவக்கத் தூங்குகிறது. அம்மா என்னையும் அப்படித்தான் வளர்த்தாள். என் பிள்ளை மட்டும் என் கட்டிலை ஒட்டி, என் கண்ணெதிரே. என்ன செய்ய? அவனை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து

போய்ப் பார்த்தேன். மூச்சு வருகிறது.

உள்ளே வந்து காபி குடிக்க எனக்குத் தைரியம் இல்லை. மே மாதம் நான் வேலைக்குத் திரும்பினால் அவனைக் கிர்ஸ்டன் வீட்டில் விட வேண்டும். அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாம் முற்றத்தில்தான் தூங்குகின்றன, மழையானாலும் பனியானாலும்.

பிப்ரவரி 7, புதன்

என் கணவன் யெப்பெ கடலிலிருந்து கூப்பிட்டான். காற்றாலை வேலை, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் எங்களோடு. எனக்குத் தெரியாமல் கோபன்ஹேகனுக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். வெள்ளி போய்த் திங்கள் திரும்ப. என் சிநேகிதி சிஸெலும் அவனும் சேர்ந்து செய்த சதி.

"ரெண்டு நாளு அவன் மூச்சை எண்ணாம மனுஷியா இருந்துட்டு வா" என்றான்.

"நான் எண்ணாத நேரம் பார்த்து நின்னுட்டா?"

மெதுவாக, "மைக்கன், நீ கடைசியா எப்போ தூங்கின?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நன்றாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மூன்று கம்பளிக் குல்லாய், காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், பிள்ளையின் சத்தம் கேட்கும் மானிட்டர். பெட்டியைப் பூட்டியபிறகுதான் எனக்கு ஒரு மாற்றுத்துணிகூட வைக்கவில்லை என்று தெரிந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி. கோபன்ஹேகன்

கடல் பாலத்தின் மேல் காற்று அடித்த அடியில் ரயில் ஊர்ந்தது. கண்ணாடியை உடைக்கும் சுத்தியல் எங்கே தொங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். எதிர் இருக்கைக்காரர் இருமினார். பிள்ளையை வாரிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டேன். பாவம், முகம் சுண்டிப்போனது அவருக்கு.

நிலையத்தில் சிஸெல். கட்டிப்பிடித்ததும், "அடிப்பாவி, எலும்பும் தோலுமா ஆயிட்டியே!" என்றாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இருக்கை. எங்கள் ஊர் லெம்வியின் மீன் நாற்றமே ஆகாது என்று ஓடிவந்தவள், இப்போது வீடு முழுக்கக் கருவாட்டு மணம். அவள் வீட்டுக்காரன் எமில் கணக்கு வாத்தியார். கீழ்வீட்டில் கேட்டு ஒரு தள்ளுவண்டி வாங்கி வைத்திருந்தான். கறுப்பு, பெரிய சக்கரம், உயர்ந்த மூடி.

"இந்தப் பேட்டையில எல்லார்கிட்டயும் இதேதான். யூனிஃபார்ம் மாதிரி" என்றான். என் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "இதை எந்த மியூசியத்துல திருடினீங்க?" என்று கேட்டான். அக்காவின் பழையது. ஒரு பாதி பிள்ளையோடு இருக்கும், மறு பாதி என் பையில். அவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும்.

சாயங்காலம் அவனை உள்ளறையில் படுக்க வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். மானிட்டரில் ஒரு பெண் தாலாட்டுப் பாடினாள்.

அறையில் யாரும் இல்லை. நாற்காலி கவிழ ஓடினேன். பெர்த்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், தனியாக. எமில் சிரித்துச் சிரித்து இருமினான். "மேல்மாடிக்காரி அவ. பழைய மெஷின் எல்லாம் ஒரே அலைவரிசை, யார் வீட்டுச் சத்தமும் யாருக்கும் வரும்." சிஸெல் மேசைக்கடியில் அவனை உதைத்தாள்.

பார்த்தேன். மூச்சு வருகிறது. மறுபடி பார்த்தேன்.

பிப்ரவரி 10, சனி

நகரம் முழுக்க நடந்தோம். கால்வாயில் படகுகளைச் சுற்றி மெல்லிய பனித்தகடு. பேருந்து போல ஓடும் படகில் துறைமுகத்தைக் கடந்தோம். சிவப்புச் சாஸேஜ் வாங்கித் தின்றோம். வண்டியின் கைப்பிடியை நான் ஒரு கணம்கூட விடவில்லை. ஒரு கையால் தள்ளுவேன், மறு கை வண்டியை மூடிய வலைக்குள், அவன் மூக்கடியில். "கையை எடுங்க, வண்டி ஓடிப்போயிடாது" என்றான் எமில்.

படித்துறையில் சிஸெல் துணியைக் கழற்றினாள். சனிக்கிழமை தவறாமல் கடலில் முங்குவாளாம்.

"வாடி மைக்கன்!"

"போடி பைத்தியக்காரி, செத்துத் தொலைவ."

ஏணியில் இறங்கினாள். கறுப்புத் தண்ணீர் அவளை மூடியது. அவள் தலை தெரியாத அந்த நேரம் நான் மூச்சுவிடவில்லை. மேலே வந்தபோது வேகவைத்த இறால் நிறம், பல் எல்லாம் தெரியச் சிரிப்பு. எனக்கு அவளை அறையலாம் போல் இருந்தது.

மதியம் சாப்பிடப் போன இடத்தில் வாசல் ஓரம் வரிசையாகத் தள்ளுவண்டிகள். நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். சிஸெல் என் கையைப் பிடித்தாள். அவள் கை அப்போதும் ஜில்லென்று இருந்தது. "நாளைக்கு ஒரு காபி. ஒரே ஒரு காபிடி. அவன் வெளியில, நாம உள்ள. ஜன்னலோரம் உட்காரலாம், மானிட்டரைக் காதுலயே வச்சுக்கோ. மே மாசம் என்ன செய்யப் போற? கிர்ஸ்டன் முற்றத்துல போய் நீயும் படுத்துக்குவியா?"

சரி என்றேன். ஏன் சொன்னேன்?

பிப்ரவரி 11, ஞாயிறு, காலை

இன்று வேஷ ஞாயிறு, பிள்ளைகள் வேஷம் கட்டும் திருநாள். தெருவில் குட்டிக் கடற்கொள்ளைக்காரர்கள், பூனைகள், ஒரு எலும்புக்கூடு. மிட்டாய் நிரப்பிய பீப்பாயைத் தொங்கவிட்டு அடித்து உடைக்கக் கட்டை தூக்கிக்கொண்டு போகிறார்கள். இத்தனை முகமூடியைச் சேர்ந்து பார்த்தால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

கைப்பிடியில் சிவப்பு நூல் ஒன்று அடையாளத்துக்குக் கட்டலாமா என்று நினைத்தேன். சிஸெல் கேலி செய்வாள். கட்டவில்லை.

ஞாயிறு, மாலை

மடியில் இருக்கிறான். எழுத வரவில்லை.

பிப்ரவரி 12, திங்கள். ரயிலில்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

ஏரிக்கரைக் காபிக் கடை. பனி தூறிக்கொண்டிருந்தது. வண்டியை வரிசையின் ஓரத்தில் நிறுத்தி, மூடியை இழுத்து, வலையைப் போட்டேன். உள்ளே ஜன்னலோர மேசை. மானிட்டரைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். புஸ், புஸ் என்று சீரான மூச்சு.

வேஷம் போட்ட கூட்டம் ஒன்று பீப்பாயோடு வந்து ஜன்னலை மறைத்தது. எழுந்தேன். "மூச்சு கேக்குதுல்ல? உக்காரு" என்றாள் சிஸெல். கேட்டது. உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரர், மஞ்சள் மழைக்கோட்டு, நெட்டை மனிதர், என் நாற்காலிக்கடியில் விழுந்த தன் கையுறையை எடுத்துக்கொண்டு "மன்னிக்கணும்" என்று போனார். நான் அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். கிரீம் பன் ஒன்றை முழுசாகத் தின்றேன். எமில் தன் வகுப்புப் பையனைப் பற்றி ஏதோ சொன்னான், எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. நவம்பருக்குப் பிறகு அப்படிச் சிரித்ததில்லை. இவ்வளவு நேரமும் மூச்சு சீராக வந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்து வலையை விலக்கி, விரலை மூக்கடியில் வைத்தேன். சூடாக மூச்சு. அப்பாடா என்று நிமிர்ந்தேன். நிமிர்ந்தபிறகுதான் உறைத்தது. புருவம். என் பிள்ளைக்குப் புருவமே கிடையாது. இதற்குக் கரிக்கோடு போட்ட மாதிரி புருவம்.

நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. எல்லா வலையையும் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் அதே கறுப்பு வண்டி. எல்லாப் பிள்ளையும் யாரோ. அவன் இல்ல. அவன் இல்லவே இல்ல. எதிரே ஏரி, ஓரமெல்லாம் மெல்லிசு ஐஸ், கரையில தடுப்புகூடக் கிடையாது. ஐயோ, நான் கேட்டுக்கிட்டு இருந்தது யார் மூச்சு? நான் பன் தின்னுட்டு சிரிச்சுக்கிட்டு இருந்தப்போ அவன் எங்க போய்க்கிட்டு இருந்தான்?

எமில் கரையோரம் ஓடினான். கடைப்பெண் உள்ளே போய்க் கத்தினாள்: "கறுப்புப் புருவம், பொம்பளப் பிள்ளை, யாரோடது?" யாரும் எழவில்லை. மஞ்சள் கோட்டுக்காரர் அந்தப் பிள்ளையோடு வந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். போலீஸ்காரி வந்தாள், சின்ன வயசு. "மஞ்சள் கோட்டுக்காரர் வண்டி மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பார், பதறாதீங்க" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் பிள்ளை இங்க இருக்கே."

எனக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை. ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவனும் உலகத்தில் உண்டு என்றுதான் தோன்றியது. சிஸெல் சுவரோடு சாய்ந்து அழுதாள். "நான்தான்டி... நான்தான் உன்னை உட்காரச் சொன்னேன்..." ஆமாம், நீதான். அந்த நேரம் அவளை வெறுத்தேன். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அப்போது அந்தப் பெண் குழந்தை விழித்து அழுதது. சிஸெல் கை நீட்டினாள், ஆனால் என் கை முந்திவிட்டது. தூக்கினேன். இது என் பிள்ளை இல்லை, இது என் பிள்ளை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் தூக்கினேன். என் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. "அழாத, வாயை மூடு, வண்டிப் பையில பாட்டில் இருக்கான்னு பாரு" என்று சிஸெலிடம் கத்தினேன். இருந்தது. அது முகத்தைத் திருப்பியது, கத்தியது, பிறகு என் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு குடித்தது. நல்ல கனம். நான் பனியில் நின்று அதை ஆட்டினேன். இதை நான் நல்லாப் பார்த்துக்கறேன், அவனை யாராவது நல்லாப் பார்த்துக்கட்டும், இதை நான் நல்லாப் பார்த்துக்கறேன். இது ஒன்றுதான் மனசில் ஓடியது.

எவ்வளவு நேரமோ தெரியாது. பாலத்தின் பக்கமிருந்து மஞ்சள் கோட்டு ஓடிவந்தது. ஒரு கையால் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. கோட்டுக் கழுத்துக்குள்ளிருந்து ஒரு குல்லாய் நீட்டிக்கொண்டிருந்தது. என் கைப்பின்னல் குல்லாய்.

என் எதிரே வந்து நின்றார். அழுதுகொண்டிருந்தார். நானும். அவர் பிள்ளை என் கையில், என் பிள்ளை அவர் கோட்டுக்குள். இரண்டு பேருக்கும் கை காலி இல்லை.

"முதல்ல நீங்க..."

"இல்ல, நீங்க கொடுங்க."

யாரும் கொடுக்கவில்லை. கையில் இருப்பதை விட்டால் இரண்டும் போய்விடும் போல ஒரு பயம். கடைசியில் போலீஸ்காரிதான் நடுவில் நுழைந்து அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கினாள். நான் அந்தக் கோட்டின் ஜிப்பை இழுத்துத் திறந்து அவனை எடுத்தேன். சூடாக இருந்தான். என்னைப் பார்த்துத் தும்மினான்.

அவர் பெயர் அஸ்கெர். ஞாயிறுதோறும் மகள் கார்லாவைக் கல்லறைத் தோட்டம் வரை தள்ளிக்கொண்டு போய்ச் சுற்றி வருவாராம். போன் சத்தம் போட்டால் விழித்துவிடுவாள் என்று அணைத்து வைத்திருந்தார். "தூங்குற பிள்ளையோட வலையை யாரு விலக்குவா? திரும்பற வழியில அழுதான் பாருங்க. ஒரே அழுகைதான், அப்பத்தான் வலையை விலக்கினேன். எங்க கார்லா அப்படி அழ மாட்டா." பிறகு பாட்டிலைப் பார்த்தார். "குடிச்சாளா? உங்ககிட்டயா? அவ அம்மா வேலைக்குப் போனதுல இருந்து யார் கொடுத்தாலும் தொடமாட்டாளே." வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி அழுதார்.

கிளம்பும்போது மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்: "உங்க பையன் அவ்வளவு நேரமும் நல்லாத் தூங்கினான். எழுப்பிடுவேனோன்னு நான் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கல."

பாலம் வந்துவிட்டது. காற்று இல்லை. சிஸெலிடம் நிலையத்தில் சரியாகப் பேசாமல் வந்துவிட்டேன்.

பார்த்தேன். மூச்சு வருகிறது.

பிப்ரவரி 14, புதன்

கண்ணை மூடினால் அந்தப் புருவம். யெப்பெவிடம் சொன்னேன். அவன் அழுதான். நான் தேற்ற வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 19, திங்கள்

ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை என்றாரே. நான் விரல் வைக்காமல், நான் கேட்காமல், எவனோ ஒருவன் கையில், பனியில், அந்த மூச்சு அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. இதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது, வேறு என்னவோ போலவும் இருக்கிறது.

பார்த்தேன். வருகிறது.

பிப்ரவரி 24, சனி

சிஸெலைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு முங்கினியா?" என்று கேட்டேன். "அன்னிக்கப்புறம் போகலடி" என்றாள். "போய் முங்கு. இல்லன்னா நான் வந்து தள்ளிவிடுவேன்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே திட்டினாள்.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் அக்கா வந்தாள். மானிட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். "ஏன், கெட்டுப்போச்சா?" என்றாள். "இல்ல, நல்லாத்தான் கேக்குது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏலக்காய் ரொட்டி சுட்டிருந்தேன், அடி கருகிவிட்டது. இருவரும் மேல்பாகத்தை மட்டும் பிய்த்துத் தின்றோம். அவள் தன் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தாள், வழக்கம்போல் முடிக்கவில்லை. யெப்பெ 12ஆம் தேதி வருகிறான். அவனுடைய வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும். அஸ்கெர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: கார்லா அப்பாவின் மடியில், பாட்டிலை இரு கையாலும் பிடித்துக்கொண்டு. புருவம் இன்னும் அடர்ந்திருக்கிறது. அக்கா போனபிறகு பாத்திரம் கழுவினேன், பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை, சரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வெளியே இலேசாகப் பனி பெய்கிறது. வாசலில் நிற்கும் வண்டியின் கைப்பிடியில் கட்டிய சிவப்பு நூல் ஜன்னலிலிருந்தே தெரிகிறது.

அழுகைச் சத்தம். அடுத்த வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கிறது. அது இல்லை.

அவன்தான்.