தேர் நாளுக்கு இரண்டு பேட்டரி

சின்ன காஞ்சிபுரம்
8-3-2009

அன்பு மகன் உமாபதிக்கு உன் நைனா கந்தன் சொல்லிக்கொள்வது.

இங்கே மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம். பேச்சு என்னுடையது, மூச்சு உன் அம்மாவுடையது. ஆக்சிஜன் மிஷின் வந்த பிறகு இரண்டும் பரவாயில்லை.

இதை எழுதுவது எதிர்வீட்டு நசீம் பானு. எனக்கு எழுத்து தெரியாது. போனில் நீ பேசுவதும் காதில் ஏறவில்லை. உன் அம்மாவைக் கேட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றால், பேசவேண்டியதே அவளைப் பற்றித்தான். அதனால் பானு வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்கிறேன். பதிலை இவள் விலாசத்துக்கே போடு. அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

பெரிய டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அவள் நுரையீரலுக்கு இனி அந்த மிஷின்தான் துணை. மிஷினுக்குத் துணை கரண்ட். அந்தக் கரண்டுக்குத்தான் துணை இல்லை. தினம் இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டு எடுக்கிறார்கள், மிச்ச நேரம் சொல்லாமல் எடுக்கிறார்கள். அப்போதெல்லாம் சிலிண்டர்தான். போன செவ்வாய்க்கிழமை சிலிண்டரும் தீர்ந்துபோனது. அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. சிலிண்டர்காரன் வந்து மாட்டியதும் கண்ணைத் திறந்து, “மூஞ்ச ஏன் இப்படி வெச்சிக்கினு இருக்கே? நான் இங்கதான இருக்கேன்” என்றாள். நான் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நீ அவளிடம், பெங்களூர் வந்துவிடுங்கள், எங்கள் ஃப்ளாட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்றாயாம். போனை வைத்துவிட்டு என்னிடம், “உன் புள்ள இந்த வயசுல என்ன ஜெனரேட்டருக்கு வாக்கப்படச் சொல்றான்பா” என்றாள். அவள் வரமாட்டாள். நீயும் விடமாட்டாய். நடுவில் நான்.

ஊரில் எல்லோரும் இன்வெர்ட்டர் மாட்டுகிறார்கள். எது நல்லது, நீ படித்துப் பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் நைனா (கைநாட்டு)

தம்பி, எழுதியதை மாமாவுக்குக் கேட்கும்படி தெருவே அதிரப் படித்துக் காட்டினேன். என் தொண்டைக்கு நீதான் பொறுப்பு. – பானு.

*

பெங்களூர்
16-3-2009

அன்புள்ள நைனாவுக்கு உமாபதி வணக்கத்துடன் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. “நல்லா இருக்கேன்பா, நீ சாப்ட்டியா” என்றுதான் கேட்டார்கள். கடிதத்தைப் படித்த பிறகு ஆபீஸில் எனக்கு வேலையே ஓடவில்லை.

விசாரித்தேன். ஃபேனும் லைட்டும் ஓட்டும் மலிவு இன்வெர்ட்டர் நமக்கு உதவாது. அதில் கரண்ட் கரடுமுரடாக வரும், மிஷின் கெட்டுப்போகும். வீட்டுக் கரண்ட் போலவே சீராகத் தருகிற வகை ஒன்று இருக்கிறது. அதற்கும் மேலே, சோலார் சேர்ந்தது ஒன்று. மொட்டைமாடியில் பலகை வைத்தால் பகலில் வெயிலிலேயே மிஷின் ஓடும். பற்றாததை பேட்டரி கொடுக்கும். சர்க்கார் கரண்ட் வந்தால் அதையும் எடுத்து பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். ஆக, மூன்று வழியிலும் தீனி எடுக்கும். அதைத்தான் வாங்கவேண்டும். கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நைனா, எந்தப் பெட்டியும் ஒருநாள் நின்றுபோகும். இங்கே வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. கோபப்படாதீர்கள்.

உங்கள் மகன்,
உமாபதி

*

சின்ன காஞ்சிபுரம்
12-4-2009

அன்பு மகன் உமாபதிக்கு,

கோபம் இல்லை. கோபப்பட நேரமில்லை. ஒரு வாரமாக இன்வெர்ட்டர் கடை யேசுதாஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் நல்ல மனிதர்தான். வீட்டுக்கே வந்து மிஷினைப் பார்த்தார், அடியில் எழுதியிருந்ததைக் குறித்துக்கொண்டார். “பெரியவரே, ஒரு பேட்டரி போதும். ரெண்டு மணி நேரம் தாராளமா ஓடும்” என்றார்.

“எந்த நாளைக்கு?” என்று கேட்டேன்.

“எல்லா நாளைக்கும்தான்.”

“வைகாசித் தேர் அன்னிக்கு?”

அவருக்கு விளங்கவில்லை. வந்தவாசிப் பக்கத்துக்காரர். தேர் அன்று, அது இடிக்காமலிருக்க, நம் தெருவில் கரண்ட் ஒயரைக் கழற்றுவார்களே, மறந்துபோயிருக்கமாட்டாய். விடிவதற்கு முன்னாடி கரண்டை நிறுத்தினால், தேர் தெருவைத் தாண்டி, ஒயரைத் திரும்பக் கட்டின பிறகுதான் விடுவார்கள். அது எப்போது என்பது தேருக்கே தெரியாது. அந்தச் சக்கரத்துக்கு நான் எத்தனை வருசம் முட்டுக்கட்டை கொடுத்துத் திருப்பினவன்! நீ பிறந்த வருசம் நல்ல வெயிலில் மூலை திரும்பும்போது இடது சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. சங்கிலி இழுத்து இழுத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அசைந்தது. நீ தொட்டிலில் அழுதாய், நான் தேரடியில் கத்தினேன். உன் அம்மா இரண்டு சத்தமும் ஒரே மாதிரி இருந்தது என்பாள்.

இதைச் சொன்னதும் யேசுதாஸ் கணக்குப் போட்டார். கடைசியில் நீ சொன்ன சோலார் பெட்டி, பெரிய பேட்டரி இரண்டு, மாடியில் நாலு பலகை என்று முடிவானது. நாளெல்லாம் வெயில் விழுகிற இடம் எது என்றார். தெருப் பக்கத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் காட்டினேன். நேற்று மாட்டிவிட்டார். பெட்டி முகத்தில் நாலு பச்சை விளக்கு. நாலும் எரிந்தால் வயிறு ரொம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

மத்தியானம் கரண்ட் போனது. மிஷின் நிற்கவில்லை. உன் அம்மா, அந்தப் பச்சை விளக்கை நான் ஊதி அணைத்துவிடுவேனோ என்பது போலப் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள். பட்டப்பகலில் பயமில்லாமல் அவள் தூங்கி ரொம்ப நாளாகிறது.

உன் நைனா (கைநாட்டு)

*

பெங்களூர்
20-4-2009

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மா தூங்கினார்கள் என்ற வரியைப் பலமுறை படித்தேன்.

ஆனால் தேரை நினைவுபடுத்திவிட்டீர்கள். அன்று தெருவில் ஆட்டோகூட நுழையாது. ஒன்று என்றால் ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? அந்த வாரம் மட்டுமாவது இங்கே வாருங்கள் என்று அம்மாவிடம் சொன்னால், வாசலில் வருகிற தேரை விட்டு வருவேனா என்கிறார்கள். எனக்கோ லீவு கிடைக்காது.

ஒரு ஒப்பந்தம். தேர் நாள் நல்லபடியாகத் தாண்டிவிட்டால், பெங்களூர் பேச்சை இனி எடுக்கமாட்டேன். பெட்டி கைவிட்டுவிட்டால், மறுநாள் காரோடு வருவேன். அப்போது மறுபேச்சு கூடாது. எதற்கும் சின்ன சிலிண்டர் ஒன்றை நிரப்பி வையுங்கள்.

உமாபதி

*

சின்ன காஞ்சிபுரம்
12-6-2009

அன்பு மகன் உமாபதிக்கு,

முதலில் இதைக் கேள்: அம்மா நன்றாக இருக்கிறாள். பானு, இதை அடிக்கோடு போடு.

தேர் அன்று விடியும் முன்னே கரண்டை எடுத்தார்கள். நாலு விளக்கும் எரிந்தன. மிஷின் குழாயை நீளமாக இழுத்து, அம்மாவை வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எப்போதும் போல மாடி நிறைய ஜனம். என் தங்கை ரேணுகாம்பாள் வாலாஜாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள்.

வெயில் ஏற ஏற விளக்கு கூடவேண்டும் அல்லவா? குறைந்துகொண்டே வந்தது. மூன்று, இரண்டு. தேரோ மூலையில் நின்றுவிட்டது. கடைசி விளக்கும் சிவப்பானது. பானு ஓடிவந்து என் காதில், “மாமா, பொட்டி கத்துதுபா!” என்று கத்தினாள். சிலிண்டரை அம்மா பக்கத்தில் நகர்த்தினோம். அது ஒரு மணி நேரத்துக்குத்தான். உன் கார் என் கண்ணுக்குத் தெரிந்தது.

பானு யேசுதாஸுக்கு போன் போட்டாள். அவர் கேட்டதை இவள் என் காதில் கத்தினாள், ஒன்றே ஒன்று: “பலகை மேல வெயில் படுதா?”

“வெயில் கொளுத்துது” என்றேன்.

“வெயில் கொளுத்துறது இருக்கட்டும் பெரியவரே, பலகை மேல படுதா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடி ஏறினேன். முந்தின நாள் நானே என் கையால், வருசா வருசம் கட்டுகிற மாதிரி, தேர் பார்க்க வருகிறவர்களுக்காகச் சுவரை ஒட்டித் துணிப்பந்தல் கட்டியிருந்தேன். நாலு பலகையும் அந்தப் பந்தலுக்கு அடியில் குளுகுளு என்று இருந்தன. ஒன்றின் மேல் தண்ணீர்க் குடம். இன்னொன்றின் மேல் புளிசாதப் பொட்டலம்.

“யாரு இதும்மேல வெச்சது?”

“மேஜைன்னு நெனச்சேன்ணா. வசதியா போட்டு வெச்சிருக்கியேன்னு சொல்லிக்கினு இருந்தோம்” என்றாள் ரேணுகாம்பாள்.

“பந்தலப் பிரிங்க எல்லாரும்!”

“இந்த வெயில்ல எங்கள சாவச் சொல்றியா?”

“நீ சாவமாட்டே. கீழ உன் அண்ணி அங்கம்மா செத்துடுவா.”

நான் முடிச்சு அவிழ்க்கும் முன்னே ரேணுகாம்பாளே துணியைக் கிழித்து எறிந்தாள். குடத்துத் தண்ணீரால் பலகைகளைக் கழுவித் தன் முந்தானையாலேயே துடைத்தாள். யாரோ குடை விரிக்கப்போனார்கள். “நிழல் விழும், மடக்குடா!” என்று அதட்டினாள். அத்தனை ஜனமும் பின்பக்கச் சுவரோடு ஒட்டி, தலையில் கைக்குட்டையும் துண்டுமாக நின்றார்கள். தேர் வந்தால் அங்கிருந்து கொடி மட்டும்தான் தெரியும். அப்படியும் ஒருவர்கூடக் கீழே இறங்கவில்லை. பானு கீழேயிருந்து ஒவ்வொன்றாகக் கத்தினாள்: “சத்தம் நின்னுடுச்சு! சேப்பு போயி பச்ச வந்துடுச்சு! மாமா, ரெண்டாவது!”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிலிண்டரைத் திறக்கவே இல்லை. மத்தியானம் தாண்டித் தேர் வந்தது. அம்மா மூக்கில் குழாயோடு எழுந்து நின்று கும்பிட்டாள். கட்டை போடுகிற பையன்கள் என்னைப் பார்த்து, “இந்த வருசம் மூலைய ரொம்ப ஒட்டித் திருப்பி நிக்கவெச்சிட்டோம் பெரியப்பா, திட்டாதீங்க” என்றார்கள். திட்டவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது. வந்ததைக் கவனிக்கக்கூட இல்லை.

தேர் தாண்டிவிட்டது. ஒப்பந்தம் ஞாபகம் இருக்கட்டும்.

உன் நைனா (கைநாட்டு)

அன்புள்ள உமா, இது அம்மா. இந்தக் கடிதத்தைப் பானுவிடமிருந்து நானே பிடுங்கி எழுதுகிறேன். அவர் சொன்னதைப் பானு திரும்பப் படிப்பதும், நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுவதும், முதல் நாளிலிருந்து தெருவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்கிறது. தெருவுக்கே கேட்கிறது. எனக்குத் தெரியாது என்று அவர் சந்தோஷமாக இருந்தார், அதனால் சும்மா இருந்தேன். சாகத் துணிந்து நான் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை, அங்கே வரவும் பயமில்லை. மாடியில் அத்தனை பேர் எனக்காக வெயிலில் நின்றார்களே, அதை எந்த ஃப்ளாட்டில் மாட்டுவாய்? சாப்பிட்டாயா?

*

பெங்களூர்
18-6-2009

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை நம் வீட்டு விலாசத்துக்கே போடுகிறேன்.

பெங்களூர் பேச்சு முடிந்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீஸ் பாத்ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். துக்கமில்லை அம்மா, பாரம் இறங்கியதுதான்.

அடுத்த வைகாசிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாடியில் பின்பக்கச் சுவரோரம் வெயிலில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். குடை கொண்டுவரமாட்டேன்.

இதை நைனாவுக்கு நீங்கள் படித்துக் காட்டவேண்டாம், மூச்சு வாங்கும். பானு அக்காவைக் கூப்பிடுங்கள். தெருவே கேட்கட்டும்.

சாப்பிட்டேன்.

உங்கள் உமா