மஞ்சள் கோட்டில் பதினாலு அடி இடைவெளி

அனுப்புநர்:
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
கதவு எண் 14, நூலகப் பின்தெரு.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்.

பொருள்: என் வாசலை அடைத்து நிற்கும் காரை அகற்றி, அரைகுறையாக விட்ட நிறுத்தத் தடைக் கோட்டை முடித்துத் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் நான்காவது மனு. முந்தைய மூன்றும் கிணற்றில் போட்ட கல் என்று சொல்ல மாட்டேன். அவற்றின் பலனாகத்தான் எங்கள் தெருவில் வண்டி நிறுத்தத் தடை விதித்து மஞ்சள் கோடு போட்டீர்கள். அந்தப் பலனைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

2. எதிர்வீட்டுக்காரர் தன் கார் கொட்டகையைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் காரை என் வாசலில் நிறுத்துகிறார். கேட்டால் "பொது ரோடுதானே" என்பார். கோடு போட வந்த உங்கள் ஆட்கள் அந்தக் காரின் முன்சக்கரம் வரை போட்டு, பதினாலு அடி விட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு அப்பால் தொடர்ந்திருக்கிறார்கள். கோடு போடச் சொன்னால் ரோடே போடுபவர்கள் உண்டு. உங்கள் ஆட்களுக்குக் கோடே முழுதாக வரவில்லை.

3. போக்குவரத்துக் காவலர், கார் நிற்கும் இடத்தில் கோடு இல்லை, ஆகவே குற்றமில்லை என்றார். உங்கள் பொறியாளரோ, "வண்டிய எடுக்கச் சொல்லுங்கம்மா, மிச்சத்தப் போட்டுடறோம்" என்றார். முன்பெல்லாம் காலையில் நான் கத்தினால் எதிர்வீட்டுக்காரர் காரை நகர்த்துவார். இப்போது நகர்த்தினால் கோடு விழுந்துவிடும் என்று அசைப்பதே இல்லை. தெரு முழுவதும் தடை. என் வாசல் ஒன்றுதான் சட்டப்படி அவருக்கு.

4. என் தம்பிக்குக் கால்கள் இயங்காது. மூன்று சக்கர ஸ்கூட்டரில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் லென்ஸ் தேய்ப்பவன். கேட்டுக்கும் காருக்கும் இடையே ஒரு சாண்தான் இருக்கிறது. நாற்பத்தொரு நாளாக அவன் ஸ்கூட்டர் தெருவைப் பார்க்கவில்லை. முதல் வாரம் அவனைத் தூக்கிக்கொண்டு கார் மேல் ஏறி இறங்கினேன். முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, தெருவே பார்த்தது. அதன்பின் வர மறுத்துவிட்டான். கடைக்காரர் மாதக் கடைசி வரைதான் அவன் இடத்தை வைத்திருப்பாராம். "விடுக்கா, நான் வீட்லயே இருந்துக்கறேன்" என்று நேற்று சொன்னான். அதைக் கேட்டபின் எனக்கு உறக்கமில்லை.

5. அதிகாரம் இல்லை என்று மட்டும் பதில் எழுத வேண்டாம். வாசலை மறிக்கும் வண்டியை, கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு நாள் அறிவிப்பு கொடுத்து ஆணையரே அகற்றலாம் என்ற விதி உங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. உங்களைப் பார்க்க அதன் கீழ்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினொரு ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுபவள். எங்கே நிறுத்தக் கூடாதென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

6. ஆகவே வரும் வெள்ளிக்கிழமைக்குள் காரை அகற்றிக் கோட்டை முடித்துத்தர வேண்டுகிறேன். தவறினால் சனிக்கிழமை காலை நானே முடித்துவிடுவேன். கார் அங்கேயே நின்றால் கோடு காரின் மேல் ஏறி இறங்கும். என் தம்பியும் நானும் ஏறி இறங்கிய அதே வழிதான்.

நாள்: கோடு போட்ட நாற்பத்தொன்றாம் நாள்
இடம்: 14-ஆம் எண் கேட்டுக்கு உள்ளே

பொறுமை தீர்ந்த தங்கள் குடிமகள்,
(கையொப்பம்)

இணைப்பு: மஞ்சள் பெயிண்ட் நாலு லிட்டர் வாங்கிய ரசீதின் நகல்.